தள்ளினால் ஓடுமா ஆட்டோமேட்டிக்? பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

பேட்டரி இறங்கிய ஆட்டோமேட்டிக் காரை நாலு பேர் சேர்ந்து தள்ளினால் ஸ்டார்ட் ஆகுமா? (அல்சூர்)

ஆகாது. நாற்பது பேர் தள்ளினாலும் ஆகாது.

அந்தக் காலத்து அமெரிக்க ஆட்டோமேட்டிக்கைத் தள்ளியே கிளப்பியதாக அப்பா சொல்கிறார். அளக்கிறாரா? (விவேக் நகர்)

அப்பா சொல்வது உண்மைதான். ஷெவர்லேயின் பழைய பவர்கிளைடு போன்ற கியர்பாக்ஸ்களில் பின்பக்கம் இன்னொரு ஆயில் பம்ப் இருந்தது. சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றும், பிரஷர் வரும், கிளட்ச் பிடிக்கும். 1960களின் கடைசிக்குள் பெரும்பாலான கம்பெனிகள் அதை எடுத்துவிட்டன. இப்போது பெரும்பாலும் இருப்பது ஒரே பம்ப், அதைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் ஓடாவிட்டால் பிரஷர் இல்லை, உள்ளே எதுவும் பிடிக்காது. சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிக்கும் இதே கதைதான்.

என் கார் ஏஎம்டி. அபார்ட்மென்ட்டின் இரண்டாம் பேஸ்மென்ட்டில் பேட்டரி இறங்கி நிற்கிறது. ராம்ப்பில் உருட்டிவிட்டு 'டி'யில் (டிரைவ்) போட்டால் கிளம்பும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. முயலலாமா? (ஒயிட்ஃபீல்ட்)

வண்டி நிற்பதே கடைசித் தளத்தில். எந்த ராம்ப்பில் கீழே உருட்டப் போகிறீர்கள்? முதலில் மேலே தள்ளிக்கொண்டு போய், பிறகு உருட்டுவதாகத் திட்டமா?

இந்த ராம்ப் யோசனையோடு கடிதம் வராத மாதமே இல்லை. ஏஎம்டிக்குள் இருப்பது சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் கிளட்சை மிதிப்பது உங்கள் கால் அல்ல, கம்ப்யூட்டர் சொல்லி ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. பேட்டரி செத்தால் அதுவும் செத்தது. கியரில் நிறுத்தியிருந்தால் நியூட்ரலுக்குக்கூட வராது. பேட்டரி நன்றாக இருந்து ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) மட்டும் போயிருந்தாலும், நாம் நினைத்த நேரத்தில் கிளட்சைப் பிடிக்க வைக்க முடியாது.

அப்புறம், இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும். அதன்பின் கல்லை மிதிப்பதுதான். பேட்டரி இல்லாமல் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். நம் ஊர் ராம்ப்களின் முடிவில் இருப்பது தூணோ சுவரோ, சில இடங்களில் வாட்ச்மேனின் நாற்காலி. வீடியோ எடுத்தவர் இதையெல்லாம் காட்டியிருக்க மாட்டார்.

ஜே.சி. ரோட்டில் நல்ல தடிமனான ஜம்பர் கேபிள் வாங்குங்கள். மெல்லியது சூடாகி உருகும். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, சிவப்பை முதலில் உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை இன்னொரு காரின் நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். ஐந்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்கிறது. மெக்கானிக் ஸ்டார்ட்டரையே மாற்றச் சொல்கிறார். (மல்லேஸ்வரம்)

ஒரு 'டக்'கா, 'டக டக டக'வா? அதை எழுதவில்லையே. தொடர்ந்து அடித்தால் பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே 'டக்', லைட்டும் மங்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மீது சந்தேகப்படலாம். ஓய்வில் பேட்டரி 12.5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், சாவியைத் திருப்பும்போது 9.5க்குக் கீழே விழக்கூடாது. டெர்மினலையும் எர்த் ஒயரையும் சுத்தம் செய்யாமல் ஸ்டார்ட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்ததென்றால், ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் ஸ்டார்ட்டர் உடம்பில் லேசாகத் தட்டினால் ஒரு தடவை கிளம்பலாம். கியர் பார்க்கில், ஹேண்ட் பிரேக் மேலே. கிளம்பினால் நேராக ஒர்க்ஷாப்.

லைட் பளிச்சென்று எரிகிறது, சத்தமே இல்லை. (கே.ஆர்.புரம்)

நியூட்ரலில் வைத்து முயலுங்கள். கிளம்பினால் கியர் லீவரின் சேஃப்டி ஸ்விட்ச் கோளாறு. பட்டன் ஸ்டார்ட் வண்டியானால், மிதிக்கும்போது பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்; பிரேக் மிதித்தது தெரியாவிட்டால் அது கிளம்பாது.

அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டை (ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் விடும் ஸ்விட்ச்) ஷார்ட் செய்தால்? (பொம்மனஹள்ளி)

வேண்டாம். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் அந்த சேஃப்டி ஸ்விட்சைத் தொடாமலே கரன்ட் போய்விடும். லீவர் 'டி'யில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே கிளம்பும். ஹேண்ட் பிரேக் என்று நான் கத்திக்கொண்டே இருப்பது இதற்குத்தான்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்வது? (ஹோசூர் ரோடு)

என்ன வண்டி, என்ன கியர்பாக்ஸ், என்ன சத்தம்? ஜோசியரிடம்கூட நட்சத்திரம் சொல்லித்தான் கேட்கிறோம்.

கயிறு கட்டி ஒர்க்ஷாப் வரை இழுக்கலாமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

ஃபிளாட்பெட் (காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரி) கூப்பிடுங்கள். முன்சக்கரம் தரையில் உருண்டால், பம்ப் சுற்றாததால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓடாது. ஸ்டார்ட்டர் செலவோடு கியர்பாக்ஸ் செலவும் சேரும்.

மழைத் தண்ணீரில் நின்றுபோனது. ஸ்டார்ட்டர் சுற்ற மறுக்கிறது. (பெல்லந்தூர்)

மறுப்பதே உங்கள் அதிர்ஷ்டம். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால், சுற்ற வைத்த நொடியில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளையும். ஜம்பர் கேபிளும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஃபிளாட்பெட்டுக்குக் காத்திருங்கள்.