4 கேபி மலை: டெமோசீனில் எங்கே தொடங்குவது?

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பனிமலைகளுக்கு மேல் கேமரா பறக்கும் ‘எலிவேட்டட்’ என்ற வீடியோவை யூடியூபில் பார்த்தேன். அந்த புரோகிராம் மொத்தமே 4 கேபி என்றார்கள். நம்பாமல் டவுன்லோடு செய்தால், திறப்பதற்குள் ஆன்டிவைரஸ் அழித்துவிட்டது. ‘இதெல்லாம் கிராக் சாஃப்ட்வேர் ஆட்கள் வேலை’ என்கிறான் நண்பன். உண்மையா? சாதாரண லேப்டாப்பில் நானும் இப்படிச் செய்ய முடியுமா? ரெஸ்யூமேயில் போடலாமா?

பதில்: முதலில் ஆன்டிவைரஸ். எலிவேட்டட் போன்ற 4 கேபி புரோகிராம்களை ‘கிரிங்க்லர்’ என்ற கருவியால் இறுக்கிச் சுருக்குவார்கள். ஓட விட்டதும் அது மெமரியில் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும். வைரஸ்களும் இதே வழியில்தான் ஒளிந்து வரும் என்பதால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படுகிறது. பெரும்பாலும் வீண் சந்தேகம். அதற்காக ஆன்டிவைரஸை மொத்தமாக அணைத்துவிட வேண்டாம். சீன்.ஆர்க் போன்ற பழைய, நம்பகமான காப்பகத்திலிருந்து எடுத்து, முக்கியமான கோப்புகள் இல்லாத கணினியில் ஓட்டிப் பாருங்கள். கல்லூரி லேப் கணினியில் வேண்டவே வேண்டாம். விர்ச்சுவல் மெஷினில் கிராஃபிக்ஸ் கார்டு முழுதாகக் கிடைக்காததால் இப்படிப்பட்ட பல புரோகிராம்கள் ஓடாது. ரசிக்க மட்டும் என்றால் வீடியோ போதும்.

உங்கள் நண்பர் சொல்வது பொய்யில்லை, பழைய கதை. 1980களில் ஐரோப்பாவில் கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கான விளையாட்டுகளின் நகல் தடுப்புப் பூட்டை உடைத்தவர்கள், ‘உடைத்தது நாங்கள்’ என்று முன்னால் ஓர் அறிமுகத் திரையை ஒட்டினார்கள். யார் திரை அழகு என்று போட்டி வந்தது. கொஞ்ச நாளில் விளையாட்டு கழன்று போய் திரை மட்டும் நின்றது. அதுதான் டெமோ: படமும் இசையும் அந்த நொடியிலேயே கணக்கிட்டு உருவாகும் ஒரு புரோகிராம். அந்த உலகம் முழுவதற்கும் டெமோசீன் என்று பெயர். உள்ளே இருப்பவர்கள் சுருக்கமாக ‘சீன்’ என்பார்கள். (நம் ஊர் ‘சீன் போடுவது’ இங்கே அவ்வளவு தவறான அர்த்தமும் இல்லை.) பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் இதைத் தங்கள் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. யுனெஸ்கோ ஒப்பந்தத்தின் கீழ் வரும் பட்டியல் அது; யுனெஸ்கோவின் உலகப் பட்டியல் அல்ல. வீட்டில் கேட்டால் இந்த வித்தியாசத்தோடு சொல்லுங்கள்.

சரி, 4 கேபியில் மலை எப்படி? பிக்சலுக்கு 3 பைட் என்றால், 4096 பைட்டில் 1,365 பிக்சலின் நிறத்தைத்தான் அப்படியே எழுதி வைக்க முடியும். 1920 பிக்சல் அகலத் திரையில் அது ஒரு வரிக்கே போதாது. ஆகவே உள்ளே படம் என்று எதுவுமே இல்லை. ‘நாய்ஸ்’ எனப்படும், தாறுமாறாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே விடை தரும் சார்புதான் இருக்கிறது. அதன் பெரிய அலை மேல் சிறிய அலை, அதன் மேல் இன்னும் சிறியது என்று கூட்டினால் மலை மேடு பள்ளம் வந்துவிடும். சரிவு குறைவான இடத்தில் வெள்ளை பூசினால் பனி. இசைக்கும் ஒலிப்பதிவு கிடையாது. சைன் அலையிலிருந்தும் இரைச்சலிலிருந்தும் ஒலியை உருவாக்கும் குட்டி சிந்தசைசரும் கொஞ்சம் ஸ்வர எண்களும்தான். விண்டோஸும் கிராஃபிக்ஸ் டிரைவரும் ஏற்கெனவே கணினியில் இருப்பதையும் மறக்காதீர்கள். அவற்றையும் எண்ணினால் 4 கேபி என்ற பெருமை கொஞ்சம் இளைக்கும். இருந்தாலும் 2009இல் ஜெர்மனியின் பிரேக்பாயின்ட் பார்ட்டியில் (டெமோ போட்டிகள் நடக்கும் கூட்டத்துக்கு சீனில் ‘பார்ட்டி’ என்று பெயர்) ஆர்ஜிபிஏ, டிபிசி குழுக்கள் செய்து காட்டியது அசாத்தியமான வேலை.

உங்கள் லேப்டாப் போதும். ஆனால் 4 கேபியில் தொடங்காதீர்கள். ஆரம்பத்திலேயே சைஸைப் பற்றிக் கவலைப்பட்டால் படம் வராது, பைட் எண்ணிக்கொண்டே செமஸ்டர் போய்விடும். சொந்தமாக ‘எஞ்ஜின்’ எழுதுகிறேன் என்று கிளம்புவது அதைவிட மோசம். ஷேடர், அதாவது கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் குட்டி புரோகிராம் எழுதிப் பார்க்க, பிரவுசரில் இலவசமாக ஓடும் ஷேடர்டாயைத் திறங்கள். எலிவேட்டட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான இனிகோ கீலெஸ் 2013இல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய தளம் அது. நாலு சைன் அலைகளைக் கூட்டி நிறமாக மாற்றினால் ‘பிளாஸ்மா’ வரும். இந்தத் துறையில் எல்லோரும் போடும் முதல் அ, ஆ. அப்புறம் ஒரு புள்ளியிலிருந்து கோளத்துக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும் சார்பு எழுதுங்கள். அந்தத் தூரத்தை வைத்தே ஒளிக்கதிரை முன்னே நகர்த்தும் ‘ரேமார்ச்சிங்’ பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. சின்ன சைஸில்தான் ஆசை என்றால், பழைய கேம் கன்சோல் போல நடந்துகொள்ளும் டிக்-80 என்ற மென்பொருள் இருக்கிறது. அதில் 256 பைட்டில் செய்வதற்கே தனிப் போட்டிகள் நடக்கின்றன. இசை வராவிட்டால் இசை தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சீன் எப்போதும் குழுவாகவே ஓடியிருக்கிறது.

ரெஸ்யூமேயில் ‘டெமோ செய்தேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். நேர்காணல் எடுப்பவர் ஏதோ பொருளை விளக்கிக் காட்டினீர்கள் என்று நினைப்பார். ‘ரியல்டைம் கிராஃபிக்ஸ் புரோகிராம், ஜிஎல்எஸ்எல், 4096 பைட்’ என்று எழுதி வீடியோ இணைப்பு கொடுங்கள் (ஜிஎல்எஸ்எல் என்பது ஷேடர் எழுதும் மொழி). கிராஃபிக்ஸ், கேம் கம்பெனிகளில் இதற்கு மதிப்பு உண்டு. பின்லாந்தின் ரெமெடியும் சுவீடனின் டைஸும் டெமோ குழு ஆட்கள் தொடங்கிய கேம் நிறுவனங்கள்தான். சாதாரண ஐடி சர்வீஸ் வேலைக்கு இது பெரிதாக உதவும் என்று சொல்ல மாட்டேன்.

முடித்ததைப் போட்டிக்கு அனுப்புங்கள். ஈஸ்டர் விடுமுறையில் ஜெர்மனியின் சார்ப்ருக்கனில் நடக்கும் ரிவிஷன்தான் இப்போது முக்கியமான பார்ட்டி. நேரில் வராதவர்களின் படைப்பையும் பல பார்ட்டிகள் ஏற்கின்றன. முன்பே வெளியிட்டதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, அதனால் விதிமுறையைப் படிக்கும் வரை யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். அனுப்பும் முன் வேறு கம்பெனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என்விடியா டிரைவர் மன்னித்து விடும் ஷேடர் பிழைகளில் பல, ஏஎம்டியில் கறுப்புத் திரையாகத்தான் வரும்.