நோவா குடித்ததும் திராட்சரசம்தான்

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு உலர்திராட்சையை வேகவைத்து எடுத்த சாறுதான். மருமகன் ரோமன் கத்தோலிக்கர். அவர்கள் கோயிலில் ஒயின். இயேசு அந்தக் கிண்ணத்தைக் கொடுத்தது யூதர்களின் பஸ்கா பண்டிகையில், அதில் புளித்தது கூடாதே? வேதத்திலும் 'திராட்சரசம்' என்றுதானே இருக்கிறது? இயேசு போதை வஸ்துவையா கொடுத்திருப்பார்? மருமகனுக்கு உறைக்கிற மாதிரி எழுதுங்கள்.
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: மருமகனுக்கு உறைப்பது இருக்கட்டும், முதலில் ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். நோவா 'திராட்சரசத்தைக் குடித்து, வெறிகொண்டு' வஸ்திரம் விலகிப் படுத்திருந்தார். அதே சொல்தான். உலர்திராட்சைத் தண்ணீர் குடித்து யாருக்கும் வேட்டி நழுவியதில்லை. கொரிந்து சபையின் பந்தியில் 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று பவுல் கடிந்துகொள்கிறாரே, அது வெறும் சாறாக இருந்தால் அந்தக் கண்டிப்புக்கே வேலை இல்லை.

பஸ்காவில் விலக்கியது தானிய மாவின் புளிப்பை. திராட்சைக்கு அந்தத் தடை கிடையாது. பஸ்கா இரவில் நான்கு கிண்ணம் ஒயின் அருந்துவது யூதர்களின் பழைய வழக்கம். பஸ்கா வருவது பங்குனி, சித்திரை வாக்கில். அந்த நாட்டில் திராட்சை அறுவடை கோடையின் கடைசியில். பிழிந்த சாறு அத்தனை மாதம் சாறாகவே உட்கார்ந்திருக்காது. அப்புறம், புளித்தது கூடாது என்கிறீர்களே, உங்கள் சபையில் அப்பத்துக்குப் பேக்கரி பிரெட் வாங்குகிறீர்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். அதில் ஈஸ்ட் உண்டு.

சாற்றைப் புளிக்காமல் புட்டியில் அடைத்துத் திருவிருந்துக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் வெல்ச். அமெரிக்காவின் நியூஜெர்சியில் பல் மருத்துவராக இருந்த மெதடிஸ்ட்காரர். ஆண்டு 1869. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் சூடுபடுத்தும் முறையைத்தான் கையாண்டார்.

சரி, அப்படியானால் உங்கள் சபையும் ஒயினுக்கு மாற வேண்டுமா? கூடாது என்பதே என் கட்சி. ஆனால் காரணம் வேறு. சேலத்தில் 1937-ல் தொடங்கிய மதுவிலக்கு 1939-ல் நம் வட ஆற்காட்டுக்கும் வந்தது. ஏன் வந்தது என்று சாராயத்தால் தாலி இழந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். குடியை விட்டு மூன்று மாதமே ஆன ஒருவர் பீடத்தின் முன் முழங்கால்படியிட்டிருக்கிறார். பாத்திரம் அவர் உதட்டருகே வருகிறது. வாசனை ஒன்று போதும், அன்று சாயங்காலமே அவர் கால் கடைப்பக்கம் இழுக்கும். அந்த ஒரு ஆளுக்காக மொத்தச் சபையும் சாறு குடிக்கலாம். அதை அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள். இயேசுவின் கிண்ணத்தில் இருந்ததை மாற்றி எழுதாதீர்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை திராட்சையிலிருந்து இயல்பாக உண்டான கலப்படமற்ற ஒயின்தான் வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது. அங்கேகூட, குடிநோயால் அவதிப்படும் குருவானவர் ஆயரின் அனுமதியோடு புளிப்பு தடுக்கப்பட்ட சாற்றைப் பயன்படுத்தலாம். இன்னொன்று: நம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் சாதாரண ஞாயிறுகளில் மக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அப்பம் மட்டுமே, ரசம் பருகுவது குருவானவர். நீங்கள் இத்தனை கோபப்படும் அந்த ஒயின் உங்கள் மருமகன் நாக்கில் ஒரு சொட்டாவது பட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

உங்கள் உபதேசியாரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வேலூர் வெயிலில் வெள்ளிக்கிழமையே திராட்சையை வேகவைத்து வெளியில் வைத்துவிட வேண்டாம். ஞாயிறு காலைக்குள் அது நுரை கட்டினால் நீங்களும் மருமகன் கட்சிதான்.