ஒரிஜினல் பில் என்னிடம், சரக்கு வாங்குநரிடம்: யாரைப் பிடிப்பது?

கேள்வி: வெளிநாட்டு வாங்குநருக்கு ஒரு கன்டெய்னர் சரக்கு அனுப்பினேன். பணம் கட்டினால்தான் ஆவணம் என்று வங்கி வழியாக ஏற்பாடு. அவர் கட்டவில்லை. பில் ஆஃப் லேடிங்கின் (சரக்கை ஏற்றியதற்கான ஆவணம்; ஒரிஜினலைக் கொடுத்துத்தான் சரக்கை எடுக்க வேண்டும்) மூன்று ஒரிஜினல்களும் என்னிடமே திரும்பி வந்துவிட்டன. ஆனால் அவர் ஈட்டுறுதிக் கடிதம் (பிரச்சினை வந்தால் நஷ்டத்தை ஏற்பதாக எழுதித் தரும் உறுதி) கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டாராம். ‘அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்’ என்கிறது கப்பல் தரப்பு. என்ன செய்வது?

பதில்: சரக்கை ஒப்படைத்தவரைத்தான் பிடிக்க வேண்டும். ஒரிஜினல் பில்லை வாங்காமல் சரக்கைக் கொடுத்தால் அதன் விளைவு கொடுத்தவர் தலையில்தான். 1959இல் லண்டன் பிரிவி கவுன்சில் (காலனி நாடுகளின் மேல்முறையீட்டு மன்றம்), ஒரு சைக்கிள் ஏற்றுமதியாளரின் வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது. பில்லில் அச்சிட்டிருந்த பொறுப்பு விலக்கு ஷரத்தும் கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. ஈட்டுறுதிக் கடிதம் வாங்குநருக்கும் சரக்கைக் கொடுத்தவருக்கும் இடையே நடந்த ஏற்பாடு. அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

பில்லை எடுத்து, கையெழுத்திட்டது யார் என்று பாருங்கள். கப்பல் நிறுவனமா, சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் இடைநிறுவனமான ஃபார்வர்டரா? ஃபார்வர்டர் தன் பெயரில் கொடுத்த ஹவுஸ் பில் என்றால் உங்கள் ஒப்பந்தம் பெரும்பாலும் அவரோடுதான். கப்பல் நிறுவனம் ஃபார்வர்டருக்குத் தான் கொடுத்த மாஸ்டர் பில்லின்படி ஃபார்வர்டரின் ஏஜென்டிடம் சரியாகவே ஒப்படைத்திருக்கலாம். இது புரியாமல் தவறான ஆளுக்கு நோட்டீஸ் அனுப்பி மாதங்களை இழப்பவர்கள் உண்டு. கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) கட்டத்தில் ‘டு ஆர்டர்’ (உத்தரவுப்படி ஒப்படைக்க) என்று இருந்தால் உங்கள் நிலை வலுவானது. வாங்குநர் பெயர் மட்டும் இருந்தால் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஒரிஜினல் காட்டாமலே சரக்கை எடுக்கவிடும் கடல் வேபில் என்றாலோ, ஒரிஜினல் இல்லாமலே சரக்கைக் கொடுக்கச் சொல்லும் டெலக்ஸ் ரிலீஸுக்கு நீங்களே சம்மதித்திருந்தாலோ இந்த வாதம் நிற்காது.

எனக்குக் கவலை தருவது காலக்கெடுதான். கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகளான ஹேக், ஹேக்-விஸ்பி விதிகளின்படி, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து, அல்லது ஒப்படைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து, ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கப்பலிலிருந்து இறக்கிய பின் தவறான கையில் கொடுத்ததற்கும் ஹேக்-விஸ்பியின் இந்தக் கெடு பொருந்தும் என்று 2023இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதேபோன்ற இன்னொரு சர்வதேச விதித்தொகுப்பான ஹாம்பர்க் விதிகளில் இரண்டு ஆண்டு. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்ற மின்னஞ்சல்களால் கெடு நீளாது. நீட்டிப்பு வேண்டுமானால், எந்தத் தேதி வரை என்று குறித்து, எழுத்தில் வாங்குங்கள்.

பில்லின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் எந்த நாட்டு நீதிமன்றம், அல்லது எங்கே நடுவர் மன்றம் என்று இருக்கும். அங்கேதான் தொடர வேண்டும். வேறிடத்தில் போட்ட வழக்கு கெடுவைக் காப்பாற்றாமல் போகலாம்.

வாங்குநர் பாதிப் பணம் தருகிறேன், ஒரிஜினல்களை அனுப்புங்கள் என்றால் அனுப்பாதீர்கள். முழுத் தொகையும் கணக்கில் சேரும்வரை மூன்றும் உங்களிடமே இருக்கட்டும்.