முதலையும் தவளைவாயனும்: கேள்வி பதில்

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் கிடக்கும் சதுப்புநில முதலையையும், அதே மலைக்காடுகளில் இரவில் இரை தேடும் இலங்கைத் தவளைவாயன் என்ற பறவையையும் பற்றி வந்த கேள்விகள்.

கேள்வி: நான்கு மீட்டர் முதலை எங்கே, ஒரு சாண் பறவை எங்கே? ஒப்பிட என்ன இருக்கிறது ஐயா?

பதில்: இரத்த உறவு இருக்கிறது. முதலையைப் பார்த்தால் உடும்பின் பெரியப்பா போலத்தான் தெரியும். ஆனால் இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் பறவைகளே. உடும்பின் இதயத்தில் மூன்று அறைகள். முதலைக்கும் பறவைக்கும் நான்கு.

கேள்வி: வாய் இரண்டுக்குமே பெரிதாயிற்றே?

பதில்: அதில் சொந்தம் தேடாதீர்கள். ஒன்று இடுக்கி, மற்றது பூச்சி பிடிக்கும் வலை.

கேள்வி: அசையாமல் இருப்பதில் யார் கெட்டிக்காரர்?

பதில்: என் ஓட்டு தவளைவாயனுக்கு. கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்துக் கொடியைக் காட்டினார். பத்து நிமிடம் காய்ந்த சருகுக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சருகில் ஒரு கண் கீற்றாகத் திறந்து மூடியது. அருகில் ஒட்டிக்கொண்டு இன்னொரு சருகு, அதன் துணை! அலகை மேலே தூக்கிக்கொண்டால் ஒடிந்த கிளைதான். அது ஒளிவதற்காக அசையாதிருக்கிறது. முதலை பல நேரம் இரையைப் பிடிப்பதற்காக. சென்னை முதலைப் பண்ணையில் கொக்குகள் கூடுகட்டும் பருவத்தில் முதலைகள் மூக்கின் மேல் சுள்ளி ஏந்திக் கிடந்ததை 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுள்ளி பொறுக்க வரும் கொக்குக்கு வைத்த தூண்டிலாம். உத்தியா, தற்செயலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கேள்வி: பிள்ளை வளர்ப்பு?

பதில்: தவளைவாயனுக்கு ஒற்றை முட்டை. பகல் முழுக்க அடைகாப்பது ஆண். இரவில் இருவரும் முறை வைத்துக்கொள்வார்கள். முதலை இருபது, முப்பது என்று இட்டு மண்ணில் புதைத்துவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் குழியின் சூடே தீர்மானிக்கும்: 31 டிகிரிக்குக் கீழே பெண், 32.5 டிகிரியை ஒட்டி ஆண். அதற்காகத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்றுவிடாதீர்கள். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தியதும் மண்ணைத் தோண்டி, வாயில் அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோவாள்.

கேள்வி: முதலை தவளைவாயனைத் தின்னுமா?

பதில்: கிடைத்தால் தின்னும். ஆனால் ஒன்று தண்ணீரோரம், மற்றது அடர்காட்டுக் கொடிப்புதர். சந்தித்தால்தானே!