புகையே பிடிக்காதவருக்கும் நுரையீரல் புற்றுநோயா? நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

வில்லியனூரிலிருந்து ஒரு மகள்: டாக்டர், அம்மாவுக்கு 52 வயது. பீடி, சிகரெட் வாடையே ஆகாது. அவருக்கு நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் என்கிறார்கள். எப்படி வந்தது?

அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. முதலில் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். புகைக்காதவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கும் இளவயதினருக்கும் வருவது பெரும்பாலும் இந்த வகைதான். தைவானில் இந்த நோய் வரும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் புகைத்ததே இல்லை. சீனாவின் ஷுவான்வெய் பகுதியில் வீட்டுக்குள் நிலக்கரி எரித்துச் சமைத்த பெண்களை இது வாட்டியது. புகைபோக்கி வைத்த வீடுகளில் பிறகு குறைந்தது. நம் நாட்டிலேயே மிசோரத்தின் ஐசால் வேறு மாதிரி. அங்கே பெண்களிடமும் புகைப்பழக்கம் அதிகம், நோயும் அதிகம்.

இதைக் கட்டாயம் கேளுங்கள்: பயாப்சியில், அதாவது சோதனைக்காகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவில், ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களைப் பார்த்தார்களா? அடினோகார்சினோமா வந்த ஐரோப்பியரில் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாக ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கும், இந்தியரில் நான்கில் ஒருவருக்காவது இருக்கும், கிழக்கு ஆசியரில் பாதிப்பேர் வரை. இருந்தால் பலருக்கு மாத்திரையிலேயே சிகிச்சை தொடங்கலாம். சோதிக்காமல் விட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

கடலூர் முதுநகர்: அப்பா நாற்பது வருஷமாக பீடி பிடிக்கிறார். இருமலில் ரத்தம் வருகிறது சார்.

நாள் கடத்தாதீர்கள், சி.டி. ஸ்கேன் எடுங்கள். புற்றுநோயாக இருந்தால், புகைப்பவர்களிடம் ஸ்குவாமஸ், ஸ்மால் செல் வகைகளும் நிறைய வரும். இரண்டும் பெரும்பாலும் பெரிய மூச்சுக்குழாய்களை ஒட்டித் தொடங்கும். ஸ்மால் செல் வேகமாகப் பரவும். வகை எது என்பதை பயாப்சிதான் சொல்லும்.

பண்ருட்டி: ஃபில்டர் சிகரெட் பரவாயில்லைதானே டாக்டர்?

இல்லை தம்பி. ஃபில்டர் இருந்தால் புகையை ஆழமாக இழுக்கிறார்கள். பல நாடுகளில் அடினோகார்சினோமா பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். விட்டுவிடுங்கள், பத்து வருஷத்தில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் இந்த நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நெய்வேலி: அக்காவுக்கு டி.பி. மாத்திரை இரண்டு மாதமாகக் கொடுக்கிறோம். இருமல் குறையவில்லை.

சளியில் கிருமி இருப்பது உறுதியான பிறகு தொடங்கியதா, எக்ஸ்ரே நிழலை மட்டும் பார்த்துத் தொடங்கியதா? நிழலை மட்டும் பார்த்தது என்றால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எக்ஸ்ரேக்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். டி.பி.க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் எக்ஸ்ரேயில் நிழல் ஒரே மாதிரி தெரியலாம். புகைக்காத பெண் என்பதால் புற்றுநோயை யாரும் நினைக்காமல் மாதங்கள் போய்விடுகின்றன.