வைஃபை ஸ்பீட் நன்றாக இருந்தும் வீடியோ காலில் குரல் ஏன் தாமதமாகிறது? எப்படிக் குறைப்பது?

100 எம்பிபிஎஸ் பிளான், ஸ்பீட் டெஸ்டில் முழுசாக வருகிறது, ஆனாலும் கால் பேசினால் குரல் விட்டு விட்டுப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பிரச்சினையோடு எங்கள் வீட்டில் நாலு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறோம், அதனால் பட்டதையே சொல்கிறேன்.

என் மகள் கோவையிலிருந்து சென்னையில் இருக்கும் டீச்சரிடம் ஆன்லைனில் பாட்டு கற்கிறாள். டீச்சர் பாடுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். இவள் திருப்பிப் பாடும்போது மட்டும் "ஸ, ரி வரைக்கும் கேட்டுதும்மா, அப்புறம் எல்லாம் மொத்தமா வந்து விழுது" என்பார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் அதிகம். கடைசியில் கண்டுபிடித்தது இதுதான்: ஞாயிறு வெளியே போய்விட்டு வந்து போனை சார்ஜில் போடுவேன், அன்றைக்கு எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் தானாக பேக்கப் ஆகத் தொடங்கும்.

ஸ்பீட் என்பது குழாயின் அகலம், தாமதம் என்பது வரிசையில் நிற்கும் நேரம். எங்கள் இணைப்பில் அப்லோட், அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம், 10 எம்பிபிஎஸ்தான். மோடத்துக்குள் 1 மெகாபைட் (8 மெகாபிட்) அளவுக்கு பஃபர், அதாவது அனுப்ப வேண்டியதைத் தேக்கி வைக்கும் இடம், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பேக்கப் அதை நிரப்பிவிட்டால் அது காலியாக 0.8 விநாடி ஆகும். மகளின் குரல் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் (பேக்கெட்) போகிறது, அந்தத் துண்டு எத்தனை சின்னதாக இருந்தாலும் அந்த வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். உரையாடலுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது, இங்கே வரிசை ஒன்றே அதைப்போல ஐந்து மடங்கு. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர் 2010-ல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னார்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, இரண்டு விண்டோ திறந்து ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் நிற்காமல் பிங் (ஒரு பேக்கெட் போய்த் திரும்பி வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோட் போடுவது. எங்கள் வீட்டில் ரவுட்டர் பிங் 4, 6, 5 மில்லி விநாடி என்று அசையாமல் இருந்தது, வெளி பிங் மட்டும் 22-லிருந்து 700-ஐத் தாண்டியது. அப்படி வந்தால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்க்யூஎம் (வரிசையை ஒழுங்குபடுத்தும்) வசதி உள்ள ரவுட்டர் வேண்டும், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட முடிகிற ரவுட்டர் என்றால் நிச்சயம் கிடைக்கும். அதில் அப்லோட் வேகத்தை உண்மையான வேகத்தைவிட ஒரு பத்து சதவீதம் குறைத்து வையுங்கள், நான் 9 எம்பிபிஎஸ் வைத்தேன். அப்போது வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரிலேயே நிற்கும், அங்கே எஸ்க்யூஎம்முக்குள் இருக்கும் எஃப்க்யூ கோடெல் என்ற முறை ஒவ்வொரு தொடர்புக்கும் தனித்தனி வரிசை போட்டு, குரலை முன்னே விட்டு, பேக்கப்பைக் காக்க வைக்கும். இதற்கு அடிப்படையான கோடெல் முறையை 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கொடுத்தார்கள், அவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். அன்று மாலையே வெளி பிங் 30-க்குள் வந்துவிட்டது.

ரவுட்டர் பிங்கே குதித்தால் அது வேறு கதை, காற்றில்தான் நெரிசல். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மூலையறையில் சிக்னல் இல்லாமல் 6 எம்பிபிஎஸ்ஸில் தவழும் பழைய போன் 1500 பைட் பேக்கெட் ஒன்றை அனுப்பவே 2 மில்லி விநாடி எடுக்கும், 300-ல் ஓடும் லேப்டாப்புக்கு அதே பேக்கெட் 0.04 மில்லி விநாடி. அந்த ஒரு போனுக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். அதனால் இடம் மாறாத டிவி, கம்ப்யூட்டரை எல்லாம் லான் கேபிளில் போட்டுவிடுங்கள், கால் பேசும் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், அபார்ட்மென்டில் அது போதவே போதாது. ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒவ்வொரு பேக்கெட்டும் காற்றில் இரண்டு முறை போகிறது. ரவுட்டரில் டபிள்யூஎம்எம் என்று, வைஃபையில் குரல், வீடியோவுக்கு முன்னுரிமை தரும் செட்டிங் ஒன்று இருக்கும், யாராவது அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், அணைத்தால் பல ரவுட்டர்களில் வேகமே 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று, ப்ளூடூத் இயர்போன். சாதாரண ப்ளூடூத்தே 100, 200 மில்லி விநாடி சேர்த்துவிடும், அதை எந்த ரவுட்டரும் திருப்பித் தராது. மகளுக்கு வயர் உள்ள ஹெட்போன்தான். இவ்வளவு செய்தும் டீச்சரும் அவளும் ஒரே தாளத்தில் சேர்ந்து பாட முடியாது, அதற்கு 25, 30 மில்லி விநாடிக்குள் வர வேண்டும், வீடியோ கால் ஆப் குரலைச் சுருக்கி, பஃபர் செய்து கொடுப்பதற்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். டீச்சர் ஒரு வரி பாட, இவள் திருப்பிப் பாடுகிறாள், அது இப்போது முழுசாகப் போய்ச் சேருகிறது.

பிங் எடுத்துப் பார்த்து அந்த இரண்டு எண்ணையும் எழுதுங்கள், வரிசை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.