சரக்கு விமானமும் சங்ககிரி லாரியும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சங்ககிரியிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா லாரி டிரைவர். நானும் அவரிடமே கிளீனராக இருந்து, டிரைவராகி, கடைசியில் சொந்தமாக இரண்டு வண்டி ஓட்டினேன். இப்போது எல்லாவற்றையும் விற்றுவிட்டேன்.

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். இந்த மே மாதம் நானும் மனைவியும் போயிருந்தோம். டெலவேர் மாநிலத்தில் டோவர் விமானப்படைத் தளத்தை ஒட்டி ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரும்பாலும் ராணுவச் சரக்கு விமானங்கள்தான். மருமகன் குடும்பத்தோடு அழைத்துப் போனார். சி-5 என்ற விமானத்தின் வயிற்றுக்குள் போய் நின்றேன். தரை முழுக்க வளையங்கள், சங்கிலி போட்டுச் சரக்கைக் கட்டுவதற்கு. அதைப் பார்த்ததும் அப்பா நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. பத்து வயதுப் பேரன் ஓடிவந்து, "தாத்தா, இது எதைச் சுட்டுச்சு?" என்றான். "எதையும் சுடாது கண்ணு, இது லோடு ஏத்தற விமானம்" என்றேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, வெளியே நின்ற சண்டை விமானத்தைப் பார்க்க ஓடிவிட்டான். அந்த "அவ்வளவுதானா" இன்னும் மனசில் கிடக்கிறது. என் அப்பாவின் பிழைப்பையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? டிசம்பரில் ஊருக்கு வருகிறான்.

சங்ககிரி வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பையன் மேல் தப்பில்லை, அந்த வயதில் அதைத்தான் கேட்பார்கள். அவன் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி அவனிடமே திருப்பிக் கொடுங்கள். இது எதைச் சுமந்தது? டோவரில் நிற்கிற விமானங்களுக்கு அந்தக் கேள்வியைப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும்.

முதலில் அந்த வளையங்கள். நான் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குச் சின்னக் காபித் தோட்டம். எட்டு ஒன்பது வயதில், காபி மூட்டை ஏற்றிய லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சேலத்துக்கு இறங்குவது எனக்குப் பெரிய திருவிழா. இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை பாதி மலையில், பிரேக் அழுத்தியதும் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கயிறு தளர்ந்து மூட்டைகள் நகர்ந்துவிட்டன. சக்கரத்துக்குக் கல் வைத்து, தார்ப்பாயைப் பிரித்து, எல்லாவற்றையும் இறக்கித் திரும்ப அடுக்கிக் கட்ட மூன்று மணி நேரம் ஆனது. கிளீனர் அண்ணன் கயிற்றை இழுத்துக்கொண்டே, "லோடு நகர்ந்துட்டா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது பாப்பா" என்றார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வானத்தில் கல் வைத்து நிறுத்த இடமில்லை. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராம் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 சரக்கு விமானத்தில் ஐந்து கவச வாகனங்கள் இருந்தன. மேலே ஏறும்போது கட்டு விட்டு, வாகனம் பின்னோக்கி உருண்டு, வால் பகுதியின் இயக்கத்தைச் சிதைத்தது. விமானம் அப்படியே விழுந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். நீங்கள் பார்த்த அந்த வளையம் எவ்வளவு பெரிய காரியம் என்று பேரனுக்குப் புரிய இதைச் சொல்லலாம். ராணுவச் சரக்கு விமானத்தில் இதற்கென்றே லோடுமாஸ்டர் என்று ஒருவர் போவார். எந்தச் சரக்கு எவ்வளவு எடை, எதை முன்னால் வைப்பது, எதை நடுவில் வைப்பது, எத்தனை சங்கிலி போடுவது, எல்லாம் அவர் கணக்கு. விமானத்தின் எடை எந்தப் புள்ளியில் சமன்படுகிறது என்று பார்த்து அவர் சரி என்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பா பாரம் ஏற்றியதும் இரண்டடி தள்ளி நின்று, பட்டையையும் டயரையும் கண்ணாலேயே அளந்திருப்பார் இல்லையா? அதே கணக்குதான்.

நீங்கள் நின்ற அந்த சி-5-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அதற்கு 28 சக்கரம். மூக்கு அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும், பின்பக்கமும் திறக்கும். முன்னால் ஏறிய லாரி பின்னால் இறங்கிப் போகலாம். ஏற்றும்போது யானை மாதிரி மண்டியிடும், சரக்குத் தளம் லாரி உயரத்துக்கு இறங்கி வருவதற்காக. ரைட் சகோதரர்கள் 1903-ல் முதன்முதலாகப் பறந்த தூரம் 120 அடி. சி-5-ன் சரக்கு அறையின் நீளம் 121 அடி. அந்த முதல் பயணத்தை இதன் வயிற்றுக்குள்ளேயே முடித்திருக்கலாம்! அங்கே நிற்கும் இதே விமானம்தான் 1974 அக்டோபர் 24 அன்று ஒரு மினிட்மேன் ஏவுகணையைப் பசிபிக் கடல் மேல் பாராசூட்டில் இறக்கிவிட்டது. நடுவானில் ஏவுகணையின் எஞ்சின் பற்றிக்கொண்டு சீறியது. சுடுகிற கதை வேண்டுமென்றால் இதுவும் பேரனுக்குப் பிடிக்கும்.

உங்களுக்குப் பிடிக்கிற கதை, சி-141 என்ற இன்னொரு சரக்கு விமானத்தின் கதை. முதன்முதலில் தயாரான சி-141 அங்கேதான் இருக்கிறது, 1963 டிசம்பர் 17-ல் பறந்தது. நீளமான இன்னொன்றும் அங்கே உண்டு. ஏன் இரண்டு நீளம்? பஞ்சு லோடு ஏற்றும்போது என்ன ஆகும்? எடை பாதிகூட வராது, அதற்குள் பாடி நிறைந்துவிடும். அந்த விமானத்துக்கும் அதே சிக்கல். எஞ்சினுக்குச் சக்தி மிச்சம், உள்ளே இடமில்லை. அதனால் இருந்த விமானங்களையே நறுக்கி, நடுவில் துண்டு சேர்த்து, 23 அடிக்கு மேல் நீட்டினார்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் சேஸிஸை நீட்டிப் பாடி கட்டுவதைப் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சோதனைக்கு வைத்திருந்த சில மட்டும் குட்டையாகவே தங்கிவிட்டன. டோவரின் முதல் விமானம் அந்த வகை.

சரி, இப்போது பேரனுக்கான கதை. அங்கே சி-54 என்று நான்கு எஞ்சின் வைத்த பழைய விமானம் ஒன்று இருக்கிறது. அது நிலக்கரி ஏற்றுவதற்காக மாற்றி அமைக்கப்பட்ட வகை. 1948-ல் பெர்லினின் மேற்குப் பகுதிக்குப் போகும் சாலை, ரயில், வாய்க்கால் எல்லாவற்றையும் சோவியத் படை அடைத்துவிட்டது. உள்ளே இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள். அவர்களுக்கு மாவு, பால்பொடி, கரி, மருந்து அத்தனையும் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்களில் வானத்தில் போனது. 1949 செப்டம்பர் வரை ஏறக்குறைய 2,77,000 தடவை பறந்து, 23 லட்சம் டன் சரக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கு கரி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே நகரத்தின் மேல் குண்டு போட்டவர்கள் இப்போது அடுப்புக்குக் கரி கொண்டுபோனார்கள். அதில் கெயில் ஹால்வர்சன் என்ற விமானி, வேலி ஓரமாக நின்ற பிள்ளைகளிடம் தன்னிடம் இருந்த இரண்டு துண்டு சூயிங்கத்தைக் கொடுத்தார். அவர்கள் அதைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டார்கள், கிடைக்காதவர்கள் காகிதத்தை முகர்ந்து பார்த்தார்கள். மறுபடி வரும்போது கைக்குட்டையில் சின்னப் பாராசூட் கட்டிச் சாக்லேட் போட ஆரம்பித்தார். எந்த விமானம் உன்னுடையது என்று எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, றெக்கையை ஆட்டுவேன் என்றார். 2022-ல், 101 வயதில் காலமானார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

நம் நாட்டுக் கதையும் அங்கே இருக்கிறது. இரட்டை வால் வைத்த சி-119 பாக்கெட் விமானம் அங்கே நிற்கிறது அல்லவா? நம் விமானப்படையும் 1954-லிருந்து அதை வைத்திருந்தது. இமயமலை உயரத்தில் இரண்டு எஞ்சின் போதாமல், முதுகில் மூன்றாவதாக ஒரு ஜெட் எஞ்சினைப் பொருத்தினார்கள். பின்னாளில் அதற்குப் பெங்களூரில் செய்த ஆர்ஃபியஸ் எஞ்சின் போனது. நமக்கு அந்தப் பக்கம் இருநூறு கிலோமீட்டரில் இருக்கிற ஊர்! 1962 ஜூலையில் ஒரு பாக்கெட், லடாக்கில் 16,000 அடிக்கும் மேலே இருக்கிற தௌலத் பேக் ஓல்டியில் போய் இறங்கியது. ஏற்காட்டைப் போல மூன்று மலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது.

இன்னொன்று உண்டு. இதைப் பேரனிடம் இப்போதே சொல்வதா, இன்னும் சில வருடம் போகட்டுமா என்பதை நீங்களும் மகளும் முடிவு செய்யுங்கள். வெளிநாட்டுப் போர்களில் இறக்கும் அமெரிக்க வீரர்களின் உடல்கள் கொடி போர்த்தி வந்து இறங்குவது அதே டோவர் தளத்தில்தான். 1991-லிருந்து 2009 வரை அதைப் படம் பிடிக்கப் பத்திரிகைகளுக்குத் தடை இருந்தது. இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போன விமானங்களின் அதே வளையங்களில்தான் பெட்டிகளையும் கட்டிக் கொண்டுவந்தார்கள். 1975 ஏப்ரல் 4-ல், வியட்நாம் போரின் கடைசி நாட்களில், சைகோனிலிருந்து அனாதைக் குழந்தைகளை ஏற்றிவந்த ஒரு சி-5-ன் பின்கதவுப் பூட்டு வானத்தில் விட்டுப்போனது. 138 பேர் இறந்தார்கள், அதில் 78 பேர் குழந்தைகள். எதைச் சுமந்தது என்று கேட்க ஆரம்பித்தால் இதையும் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டாமல் சொல்லும் கதை முழுசாக இருக்காது.

நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. 2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 என்ற நம் விமானப்படைச் சரக்கு விமானம். கோவை சூலூர்ப் படைப்பிரிவின் விமானம். போர் எதுவும் இல்லை, வழக்கமாகப் போய்வருகிற கூரியர் பயணம். 29 பேர். வங்கக் கடலில் தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான் சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதறல்கள் கிடந்ததைக் கண்டார்கள். ராத்திரி லோடோடு போன மனுஷன் விடிந்தும் திரும்பாத வீடுகள் சங்ககிரியில் எத்தனை என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த 29 வீட்டிலும் அப்படித்தான் காத்திருந்திருப்பார்கள். "அவ்வளவுதானா" என்று அவன் கேட்டபோது உங்களுக்கு வலித்தது நியாயமான வலி ஐயா.

டிசம்பரில் வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது இங்கே காபிப் பழம் பறிக்கிற காலம், கீழே மூட்டை போய்க்கொண்டே இருக்கும். அவனை அழைத்துக்கொண்டு வாருங்கள். தார்ப்பாய் மேல் கயிறு எப்படிப் போடுவது என்று நீங்களே அவன் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுங்கள். லோடு ஏற்றும் நாள் தெரிந்ததும் எழுதுகிறேன். பையனுக்கு ஸ்வெட்டர் மறக்காமல் எடுத்து வாருங்கள், ராத்திரி குளிர் அதிகம்.